பொட்டு வைத்த ரிம்

வாழை இலை விரித்து, அதன்மேல் ஒரு ஜீப் ரிம்மை மல்லாக்க வைத்திருந்தார்கள். ரிம் என்றால் டயர் மாட்டாத வெறும் இரும்புச் சக்கரம். நடுவில் மூன்று பட்டைத் திருநீறு, அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், ஊதுபத்தி. அக்கா, அக்காவின் மாமியார், அக்காவின் புருஷன், நான் என்று நான்கு பேர் அந்த இரும்பைச் சுற்றிக் கைகூப்பி நின்றோம். சூடத்தின் புகை அடுப்படி வரை போனது.

அந்த ரிம் எங்களுடையதாக இருந்திருந்தால் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன். அது இரவல். சீக் என்ற ஊர்ப் பக்கம் காட்டு மரம் இறக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, அளவு எடுப்பதற்காக ஒரே ஒரு நாளைக்கு வாங்கி வந்தது. அந்த மனிதரின் ஜீப் காட்டிலும் சேற்றிலும் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் ஒரு பொட்டு வைத்ததாகத் தகவல் இல்லை.

போன வாரம் என் முதல் சம்பளத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். "அந்த ஜீப்பு கதைய மட்டும் எழுதிடாதடி, அவரு மனசு கஷ்டப்படும்" என்றாள். அக்கா சொல்லி நான் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. தவிர, மாமா பத்திரிகையில் நாலு நம்பர் லாட்டரி முடிவைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. ஆகவே தைரியமாகத் தொடர்கிறேன்.

மாமாவின் உயரம்

மாமா என்று நான் சொல்வது அக்காவின் புருஷனை. புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்தின் மலை டிவிஷனில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. எழுபதுகளின் கடைசி அல்லது எண்பதுகளின் தொடக்கமாக இருக்கும். தோட்டத்து நிர்வாகம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய ஜீப்பை அவர் வாங்கினார். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு உள்ள ஜீப்.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்து வண்டியை ஒரு முழம் உயர்த்தினார். மாமாவின் சொந்த உயரம் ஐந்தடி, அதுவும் தலையை வாரிவிட்டால். உயர்த்திய ஜீப்பில் ஏற அவருக்கு ஒரு மண்ணெண்ணெய் டின் தேவைப்பட்டது. ஏறிய பிறகு டின்னை யாராவது எடுத்துத் தட்டில் போட வேண்டும், இறங்கும்போது யாராவது எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பதவி அக்காவுக்கு. ஏழு மாதக் கர்ப்பிணி, டின்னைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் நடப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு உயரம் எதற்கு என்று தொழிலாளர் லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். அதற்குப் பதில் உண்டு. அதை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முந்தி அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்தபோது அடை மழை. தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். மலையிலிருந்து இறங்கும் செம்மண் பாதையில் ஓடைக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே லாரி சேற்றில் அச்சு வரை புதைந்தது. மாமாவும் மற்றவர்களும் நெடுநேரம் தள்ளினார்கள். பிள்ளை லாரியிலேயே பிறந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அது உயிரோடு இல்லை. ஆண் பிள்ளை. அதன் பிறகு மாமா அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் பேசுவதை நிறுத்திவிடுவார். எந்த மழையிலும் புதையாத வண்டி ஒன்று வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

அக்காவுக்கு மறுபடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவும் மழைக்காலத்தில்.

பெலாக்காங் பெராப்பா

நான் அப்போது சுங்கைப்பட்டாணியில் ஒரு சீன முதலாளியின் டயர் கடையில் பில் எழுதும் கிராணி. தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார், பெண்ணுக்கு எங்கே வேலை என்று கேட்டுவிட்டுக் காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். துணிக்கடை என்றால் லட்சணம், டயர் கடை என்றால் அவலட்சணம். நாலாவதாக வந்தவர் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பின் டயர் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

ஜீப்பை உயர்த்தியாகிவிட்டது, அடுத்து பெரிய டயர் வேண்டும் என்றார் மாமா. பெரிய டயருக்கு அகல ரிம் வேண்டும். அகல ரிம் எங்கள் கடையில் இருப்பில் கிடையாது, பட்டர்வொர்த்தில் சொல்லிச் செய்து வாங்க வேண்டும். அப்படி ஆர்டர் கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் தவுக்கே ஒரே கேள்விதான் கேட்பார்.

"பெலாக்காங் பெராப்பா?"

மலாயில் பின்பக்கம் எவ்வளவு என்று அர்த்தம். ரிம்மின் பின் விளிம்பிலிருந்து, அது வண்டியின் அச்சில் போய் ஒட்டி உட்காரும் தட்டு வரைக்கும் எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. அந்த ஆழம் அதிகமானால் சக்கரம் வண்டிக்கு உள்ளே போய்விடும். பெரிய டயராக இருந்தால், வண்டியைத் திருப்பும்போது டயர் ஸ்பிரிங்கில் உரசும். ஆழம் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஸ்டீரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் போகும், வழியில் போகிறவர்கள் மேல் எல்லாம் சேறு அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அதே மாதிரி வண்டியில் உரசாமல் ஓடும் ஒரு ரிம்மை வாங்கி அளப்பதுதான்.

அளக்கும் வித்தையில் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. ரிம்மைக் குப்புறக் கவிழ்த்து, பின் விளிம்பின்மேல் ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கீழே தட்டு வரை ஒரு அடிக்கோலை இறக்கினால் ஆயிற்று. நான் வாரத்துக்கு நாலு தடவை அதைச் செய்துகொண்டிருந்தேன். என் கையில் எப்போதும் கிரீஸ் வாடை அடிக்கும். அக்காவின் மாமியார் எனக்குத் தட்டில் தனியாகச் சாப்பாடு போடுவதே அதனால்தான்.

கவிழ்க்கக் கூடாத முகம்

ஆகவே இரவல் ரிம் வந்தது. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று எனக்கு விடுமுறை, அக்காவைப் பார்க்க மலை டிவிஷனுக்குப் போயிருந்தேன். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்பேன். நல்ல காரியத்துக்காக வீட்டுக்குள் வந்த சாமானை வெறுமனே விடக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். பூசை நடந்தது. எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு மாமா அளக்க உட்கார்ந்தார்.

கையில் அக்காவின் தையல் மிஷின் டேப். ரிம் இன்னும் மல்லாக்கத்தான் கிடந்தது. கவிழ்க்க வேண்டும் என்று நான் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டு வச்ச மொகத்த மண்ணுல கவுக்கக் கூடாது. நெறமாசக்காரி இருக்குற வீடு."

பொட்டை அழித்துவிட்டுக் கவிழ்க்கலாமே என்றேன். பூசை முடிந்து ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் அழிப்பதா என்று அதற்கும் தடை. அப்படியானால் நிமிர்த்திப் பிடியுங்கள், நான் பின்பக்கம் போய் அளக்கிறேன் என்றேன். அப்போதுதான் மாமா தன் ஞானத்தைத் திறந்தார்.

"பாப்பா, நீ கடையில பில்லு எழுதுற. சரி. இது கெரெத்தா சமாசாரம்லா, வண்டி சமாசாரம். முன்னால அளந்தா என்ன, பின்னால அளந்தா என்ன, ஒரே ரிம்முதானே."

முன் விளிம்பிலிருந்து தட்டு வரைக்கும் டேப்பை விட்டு அளந்தார். பொட்டில் படாமல் மிக ஜாக்கிரதையாக அளந்தார். நாலரை இஞ்சு என்றார். அதை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி என்னிடம் கொடுத்தார்.

ரிம்மின் மொத்த அகலம் ஏழரை. முன்னால் நாலரை என்றால் பின்னால் மூன்று. நான்காம் வகுப்புக் கணக்கு. மாமாவுக்கு வேண்டியது மூன்று, அவர் எழுதிக் கொடுத்தது நாலரை. அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. பில் எழுதுகிறவள்தானே நான், பில்லே எழுதுகிறேன் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் தவுக்கே வழக்கமான கேள்வியைக் கேட்டார். நாலரை என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, இவ்வளவு பெரிய டயருக்கு நாலரையா, சரியாகப் பார்த்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். வாடிக்கையாளர் அப்படித்தான் சொல்கிறார் என்றேன். ஆர்டர் தாளில் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. மாமாவின் மூக்கை உடைக்க நினைத்தேன், வண்டியில் போகப்போவது அக்கா என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

நேராக மட்டும் போகும் வண்டி

ரிம்கள் வந்தன. கறுப்புச் சாயம் பளபளத்தது. டயர் மாட்டிய பிறகு ஜீப் இன்னும் உயர்ந்தது, மாமாவுக்கு இரண்டு டின் தேவைப்பட்டது. நான்கு ரிம்முக்கும் மறுபடி பூசை. நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளோட்டம். லயத்து ஆட்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமா கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு மந்திரியைப் போல எல்லாருக்கும் கையசைத்தார். நான் பின் தட்டில் ஏறிக்கொண்டேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஜீப் நேராகப் போனது. நேராகப் போவதில் அதற்கு ஈடு இணை கிடையாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பள்ளம், கல், வேர், எதையும் மதிக்காமல் போனது.

ஓடைக்கு முன்னால் அந்த வளைவு வந்தது. இடதுபக்கம் முழுதாக ஒடிக்க வேண்டிய வளைவு. மாமா ஒடித்தார். கர்ரென்று ஒரு சத்தம். ஸ்டீரிங் பாதியில் நின்றுவிட்டது. ஜீப் வளைவை மதிக்காமல் தன் வழியே நேராகப் போய், நிர்வாகம் பார்த்துப் பார்த்து வளர்த்த ரப்பர் நாற்றுகளின் மேல் ஏறி நின்றது.

யாருக்கும் அடி இல்லை. நாற்றுக்குத்தான் அடி. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓடி வந்து கத்தினார். புது டயர், கொஞ்சம் பழக வேண்டும் என்று மாமா அவருக்கு விளக்கினார். நான் ஓடைக்கரையில் குனிந்து முன் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டை டயரைச் சீவியிருந்தது. கறுப்புத் தூள் என் விரலில் ஒட்டியது. அந்த வளைவில், அந்த இடத்தில், அக்காவை ஏற்றிய லாரி புதைந்த இடத்தில், நான் எழுதிக் கொடுத்த நாலரையோடு நின்றேன்.

தரையில் முகம்

அன்று மத்தியானமே மாமாவைச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து கம்பி கொண்டுவந்து டயரைப் பிரித்தார். ரிம்மின் முகத்தில் சந்தனம் இன்னும் இருந்தது. வாசலில், அத்தை பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தூக்கி முகம் தரையில் படக் கவிழ்த்தேன். செம்மண்ணில் அது நச்சென்று உட்கார்ந்தது.

கட்டையைக் குறுக்கே வைத்தேன். அடிக்கோலை இறக்கினேன். பின்னால் நாலரை. எங்களுக்கு வேண்டியது மூன்று என்பதை அந்த இடத்திலேயே மாமாவுக்கு விரலால் காட்டினேன். எனக்கு இது முன்னமே தெரியும் என்பதையும் சொன்னேன். மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவிழ்ந்து கிடந்த ரிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டியது அத்தை. அதுவும் சத்தம் போடாமல்.

"சாமி மொகத்த மண்ணுல வச்சுத் தேச்சிட்ட. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது ஒன் கணக்குதான்."

அக்கா வயிற்றில் கைவைத்தபடி கதவோரம் நின்றிருந்தாள். அவளும் சாமி பயம் உள்ளவள்தான். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ சரியா அளந்தியா? அத மட்டும் சொல்லு."

சரியாக அளந்தேன் என்றேன். "அப்ப கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடைசல் பட்டறை இருந்தது. நான்கு ரிம்களின் நடுத்தட்டையும் நெருப்பால் அறுத்து, ஒன்றரை இஞ்சு தள்ளி வைத்து மறுபடி ஒட்டினார்கள். அங்கே ரிம்மைக் கவிழ்த்தார்கள், நிமிர்த்தினார்கள், சுத்தியால் அடித்தார்கள், காலால் உருட்டினார்கள். எந்தத் தெய்வமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அத்தை சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை. எனக்கு இந்தச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று அன்றுவரை சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாரம் முழுக்க மாரியம்மன் கோயில் பக்கம் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன்.

மழை

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம். மழை பிடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் லீவு போட்டு அக்காவோடு இருந்தேன். சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் கஞ்சிப் பானையை அப்படியே வைத்துவிட்டு, நேரம் வந்துவிட்டது என்றாள்.

பின் தட்டுக்குத் தார்ப்பாய் கட்டி, கீழே மெத்தை போட்டிருந்தோம். அக்கா படுத்தாள், தலைமாட்டில் நான், கால்மாட்டில் அத்தை. மண்ணெண்ணெய் டின்னை யாரும் எடுக்கவில்லை. மாமா எப்படி ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறக்கம் முழுவதும் செந்நிறத் தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா என் கையை நெரித்தாள். எனக்கு ஒட்டுகளின் ஞாபகம்தான். அறுத்து ஒட்டிய இரும்பு பிளந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்த முடியாமல் கிடந்தேன். எதிரில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். பிள்ளைக்காக வேண்டினாரா, எனக்காகத் தண்டனை கேட்டாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

வளைவு வந்தது. மாமா வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டார். ஸ்டீரிங்கை இடதுபக்கம் கடைசிவரை ஒடித்தார். நான் அந்தக் கர்ர் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம் கேட்டது, எஞ்சின் சத்தம் கேட்டது, அக்கா மூச்சுவிடுவது கேட்டது. அவ்வளவுதான். சக்கரம் திரும்பியது. ஜீப் சேற்றைக் கிழித்துக்கொண்டு வளைவைக் கடந்தது. நான் அழுதுவிட்டேன். மழைத்தண்ணீர் என்று அத்தை நினைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. வீறிட்டு அழுத அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. அன்று மாலையே அத்தை, வந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் காரணத்தை எடுத்துச் சொன்னார். நான்கு சக்கரத்தின் அடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றியதாம். அதே எலுமிச்சம்பழம் ஜீப்பை நாற்றங்காலில் ஏற்றிவிட்டதைப் பற்றி அவர் ஒன்றும் குறிப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து

மாமா கடைத்தெருவில் வேறு கதை சொன்னார். பெரிய டயருக்குப் பின்பக்க அளவுதான் முக்கியம், அதைத் தானே அளந்து பட்டறைக்குச் சொன்னதாகக் காப்பிக்கடையில் அடித்துவிட்டார். அடுத்த தோட்டத்திலிருந்து இரண்டு பேர் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். அவர்களை மாமா எங்கள் கடைக்கு அனுப்பினார். தன்னுடைய சிபாரிசு என்றும் சொல்லியனுப்பினார். நாலரையை எழுதிய கைக்கு அதைத் தட்டிக் கேட்கும் யோக்கியதை இல்லை.

மறு வருடம் ஆயுத பூசைக்கு மலை டிவிஷனுக்குப் போனேன். அக்காவின் மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். ஜீப்பைக் கழுவி மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அத்தை முகப்பில், கண்ணாடியில், ஸ்டீரிங்கில் என்று பொட்டாக வைத்துத் தள்ளியிருந்தார். நான்கு சக்கரத்தின் முகத்திலும் திருநீறு, சந்தனம், குங்குமம். எல்லாம் முறைப்படி.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. எப்போது போனாலும் அந்த ஜீப்பின் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையைவிட்டு, டயர் உரசியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். அன்றும் குனிந்து கையைவிட்டேன். கறுப்புத் தூள் ஒட்டவில்லை. விரலில் ஈரமாக எதுவோ பட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தேன். சந்தனம்.

படுத்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தேன். ரிம்மின் பின்பக்கத்தில், நான் மண்ணில் கவிழ்த்து அடிக்கோலை இறக்கிய அந்த விளிம்பில், ஒரு சின்னப் பொட்டு. மற்ற மூன்று சக்கரத்தையும் போய்ப் பார்த்தேன். நான்கிலும் இருந்தது. அத்தை குனிய முடியாதவர், அக்காவுக்கு அன்று அடுப்படி வேலை. எழுந்து பார்த்தால், மாமா அந்தப் பக்கம் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டையின் முதுகு முழுக்கச் செம்மண்.